வீட்டோடு ஒட்டிய சிறிய அறையின் கூரையை 45 செ.மீ. உயர்த்த முடியுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்சுவரை ஒட்டி, வீடு கட்டி முடித்துப் பல ஆண்டுகள் கழித்து, முந்தைய உரிமையாளர் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார். பின்சுவரின் நீளவாக்கில் 4 மீட்டரும் அங்கிருந்து வெளியே 3 மீட்டரும் அதன் உள்ளளவு. மூன்று பக்கங்களில் 23 செ.மீ. கனமுள்ள செங்கல் சுவர் இருக்கிறது. நான்காவது பக்கம் வீட்டின் சுவரேதான். கூரை ஒருபக்கச் சாய்ப்பு. வீட்டுச் சுவரில் உயரமாகத் தொடங்கி வெளிச்சுவரை நோக்கி இறங்குகிறது. கைமரங்களின் மேல் நெளிதகடு போட்டிருக்கிறார்கள். அறைக்குள்ளே, தரையிலிருந்து 2.05 மீட்டர் உயரத்தில் பலகை அடித்த தட்டையான உட்கூரை ஒன்று இருக்கிறது.

மாடிப்படி ஏற முடியாத நிலையில் இருக்கும் என் தாயாருக்கு இந்த அறையைப் படுக்கையறையாக மாற்றித் தர வேண்டும் என்பதே நோக்கம். இப்போதிருக்கும் உயரத்தில் மின்விசிறி மாட்ட வழியில்லை. வெயில் நாளில் தகட்டின் சூடு நேராகத் தலையில் இறங்குகிறது. உயரமானவர்கள் உள்ளே வந்தால் தம்மையறியாமல் குனிந்துகொள்கிறார்கள். ஆகவே சுவர்களை ஆறு வரிசை செங்கல் உயர்த்தி, அதாவது சுமார் 45 செ.மீ. கூட்டி, அதன் மேல் வெப்பத்தடுப்புடன் கூடிய புதிய கூரையைப் போடலாம் என்று நினைக்கிறேன். தாழ்வான பக்கத்திலும் 2.4 மீட்டர் கிடைத்துவிட்டால் போதும்.

நான் எடுத்த அளவுகள் இவை. எல்லாம் அறையின் தரையிலிருந்து கணக்கிட்டவை. வீட்டுச் சுவரைத் தொடும் இடத்தில் தகட்டின் மேற்பரப்பு 2.80 மீட்டரிலும், வெளிச்சுவரின் மேல் 2.27 மீட்டரிலும் இருக்கிறது. கூரை வீட்டுச் சுவரைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே மாடியறையின் ஜன்னல் ஒன்று உண்டு. அதன் அடிமட்டம் 3.35 மீட்டர். அறையின் தரையும் வீட்டின் தரையும் ஒரே மட்டம். வெளியே மண் அதைவிட 20 செ.மீ. தாழ்வு.

பார்க்க வந்த கொத்தனார் ஒருவர், "ஆறு வரிசை வைப்பதெல்லாம் மூன்று நாள் வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த எளிமைதான் எனக்கு அச்சத்தைத் தருகிறது. பழைய சுவரும் அஸ்திவாரமும் கூடுதல் பாரத்தைத் தாங்குமா? கூரையை உயர்த்துவதற்குப் பதிலாகத் தரையைத் தாழ்த்தலாமா? எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1 (கட்டமைப்புப் பொறியாளர்)

வணக்கம். உங்கள் கேள்வி சுவரைப் பற்றியதாக இருந்தாலும், விடை மாடி ஜன்னலில் இருக்கிறது. இத்தகைய ஒட்டுக் கூரைகளில் உயரத்தைத் தீர்மானிப்பது கீழிருந்து எத்தனை வரிசை செங்கல் வைக்கிறோம் என்பதல்ல, மேலே எந்த இடத்தில் கூரை நிற்க வேண்டியிருக்கிறது என்பதுதான். அதனால் கணக்கை மேலிருந்து கீழாகப் போடுங்கள்.

கூரை சுவரைத் தொடும் மூட்டில் மழைநீர் உள்ளே இறங்காமல் தடுக்கும் ஃபிளாஷிங் தகடு, கூரைப் பரப்புக்கு மேல் குறைந்தது 15 செ.மீ. சுவரில் ஏற வேண்டும். அதன் மேல்விளிம்பைக் காடி வெட்டிச் செருகி அடைப்பதற்கு ஜன்னலுக்குக் கீழே இன்னும் 5 செ.மீ. வேண்டும். ஆக 3.35 மீட்டரிலிருந்து 20 செ.மீ. கழிந்து, கூரையின் மேற்பரப்பு வீட்டுச் சுவரில் 3.15 மீட்டரைத் தாண்டக் கூடாது. இன்று அது 2.80 மீட்டரில் இருக்கிறது. எனவே சாய்வை மாற்றாமல் நீங்கள் உயர்த்தக்கூடியது அதிகபட்சம் 35 செ.மீ.; 45 செ.மீ. அல்ல. ஆறு வரிசை வைத்திருந்தால் புதிய கூரை ஜன்னலை ஏறக்குறைய முட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

அடுத்து, பலரும் கணக்கில் சேர்க்க மறக்கும் ஒன்று: கூரையின் கனம். இன்றைய உங்கள் கூரை என்பது 10 செ.மீ. அளவுள்ள கைமரமும் அதன் மேல் ஒரு தகடும்தான். கீழே பலகை அடித்தாலும் மொத்தம் 17 செ.மீ. அளவில் முடிந்துவிடும். நீங்கள் போட நினைக்கும் கூரையில் 15 செ.மீ. கைமரம், அதன் மேல் பலகை, 10 செ.மீ. வெப்பத்தடுப்புப் பலகை, குறுக்கு ரீப்பர்கள், தகடு, கீழே உட்கூரைப் பலகை என்று எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 35 செ.மீ. ஆகிவிடும். அப்படியானால் வீட்டுச் சுவரோரம் உட்கூரை 2.80 மீட்டரில் தொடங்கும். உங்கள் இப்போதைய சாய்வு 3 மீட்டருக்கு 53 செ.மீ. இறக்கம், அதாவது சுமார் 10 பாகை. அதே சாய்வில் வெளிச்சுவரோரம் கிடைப்பது 2.27 மீட்டர். நீங்கள் கேட்ட 2.4 மீட்டருக்கு இன்னும் 13 செ.மீ. குறைகிறது.

இதோடு ஒப்பிட, ஒன்றுமே உயர்த்தாமல் அந்தத் தட்டையான உட்கூரையை மட்டும் கழற்றி, கைமரங்களின் அடிப்பக்கத்திலேயே சாய்வாகப் பலகை அடித்தால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள்: வீட்டுச் சுவரோரம் 2.63 மீட்டர், வெளிச்சுவரோரம் 2.10 மீட்டர். அதாவது கூரையை 35 செ.மீ. உயர்த்தும் அத்தனை உழைப்புக்கும், உட்கூரையைச் சாய்வாக்குவதைவிடக் கூடுதலாகக் கிடைப்பது 17 செ.மீ. மட்டுமே, மீதி 18 செ.மீ. கூரையின் கனத்துக்குள் போய்விடுகிறது. வெப்பத்தடுப்பு உங்களுக்குக் கட்டாயம் தேவை என்பதால் இதை வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த எண்களைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கனத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. வெப்பத்தடுப்பைக் கைமரங்களின் மேல் போடாமல் அவற்றுக்கு இடையில் வைத்தால் 10 செ.மீ. மிச்சமாகி, தாழ்ந்த பக்கத்தில் 2.37 மீட்டர் கிடைக்கும். ஆனால் அப்போது தடுப்புப் பலகைக்கு மேல் 5 செ.மீ. காற்றோட்ட இடைவெளி விட வேண்டும். அது இரு முனைகளிலும் வெளிக்காற்றோடு திறந்திருக்க வேண்டும். உட்பக்கம் நீராவித் தடுப்புத் தாளும் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினால் அறையின் ஈரக்காற்று குளிர்ந்த தகட்டின் அடியில் நீராகப் படிந்து கைமரங்களை மெல்ல அழுகச் செய்யும். மற்றொரு வழி சாய்வைக் குறைப்பது. நெளிதகட்டுக்குப் பொதுவாக 10 பாகைக்குக் கீழே போவது நல்லதல்ல. மடிப்பு மூட்டு உலோகத் தகடு (விளிம்புகளை ஒன்றோடொன்று மடித்து இணைப்பது) என்றால், தயாரிப்பாளர் அனுமதித்தால், 5 பாகை வரை இறங்கலாம்; 3 மீட்டருக்கு இறக்கம் 26 செ.மீ. மட்டுமே என்பதால் முழுக் கனமுள்ள கூரையோடும் தாழ்ந்த பக்கத்தில் 2.54 மீட்டர் கிடைத்துவிடும். ஓடு போடும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்: பட்டை ஓட்டுக்கு 35 பாகை வேண்டும் என்றால், உங்கள் 3 மீட்டருக்கு இறக்கம் மட்டும் 2.1 மீட்டர் ஆகிவிடும்.

இனி சுவர். 23 செ.மீ. சுவரை 35 செ.மீ. உயர்த்தினால் ஓடுமீட்டருக்கு, அதாவது சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும், 155 கிலோ அளவில் எடை கூடும். மூன்று பக்கமும் சேர்த்து ஒன்றரை டன். அஸ்திவாரம் 45 செ.மீ. அகலமுள்ளது என்று கொண்டால், மண்ணின் மீது கூடும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 350 கிலோவுக்கும் குறைவு. ஓரளவு இறுக்கமான மண் சதுர மீட்டருக்கு 10 டன் அளவில் தாங்கும் என்பதால் எடை இங்கே பெரிய கவலையல்ல. உண்மையில் பார்க்க வேண்டியது, அஸ்திவாரம் என்று ஒன்று ஒழுங்காக இருக்கிறதா என்பதே. பிற்காலத்தில் சேர்த்துக் கட்டிய அறைகளில் தரைத்தளக் கான்கிரீட்டின் விளிம்பிலேயே சுவரை எழுப்பிவிட்டுப் போன இடங்களைப் பார்த்திருக்கிறேன். சுவரின் வெளிப்பக்கத்தில் ஓரிடத்தில் அரை மீட்டர் அகலத்துக்கு மட்டும் குழி தோண்டி, அஸ்திவாரம் எந்த ஆழத்தில் முடிகிறது, எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்று அளந்து, குழியை அன்றே மூடிவிடுங்கள். அருகில் பெரிய மரம் இருந்தால், களிமண்ணாக இருந்தால், அதையும் சொல்லுங்கள்.

தரையைத் தாழ்த்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளி மண்ணைவிட உங்கள் தரை 20 செ.மீ. தான் உயரம், 15 செ.மீ. தாழ்த்தினால் 5 செ.மீ. மட்டுமே எஞ்சும். சுவரில் ஓதம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு தரைக்கு மேலே நின்றுவிடும். ஒரு பெருமழையில் தண்ணீர் உள்ளே வரும். முதியவர் புழங்கும் அறையின் வாசலில் புதிதாக ஒரு படியும் உண்டாகும்.

பதில் 2 (தச்சர், கூரை வேலை)

பொறியாளர் ஐயா அளவுகளைச் சொல்லிவிட்டார். வேலை நடக்கும் முறையைப் பற்றி நான் சொல்கிறேன்.

உட்கூரையைக் கழற்றுவதற்கு முன் அது வெறும் பலகைதானா அல்லது கூரையைப் பிணைத்து நிற்கும் சட்டமா என்று பார்க்க வேண்டும். இரு பக்கமும் சரியும் கூரையில் அந்தக் கிடைச்சட்டங்கள்தாம் கைமரங்கள் விரிந்து சுவரை வெளியே தள்ளாமல் இழுத்துப் பிடிக்கின்றன. அவற்றை அறுத்துவிட்டுச் சுவர் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். உங்களுடையது ஒருபக்கச் சாய்ப்பு. கைமரத்தின் தலை, வீட்டுச் சுவரில் போல்ட் போட்டுப் பிணைத்த நீள்சட்டத்தின் மேல் உறுதியாக உட்கார்ந்திருந்து, அதன் கால் வெளிச்சுவரின் தலையில் படுத்திருக்கும் சட்டத்தில் வாய் வெட்டித் தட்டையாக அமர்ந்திருந்தால், பாரம் நேர் கீழாக இறங்கும். உட்கூரைச் சட்டங்களை எடுக்கலாம். ஆனால் பழைய வேலைகளில் நீள்சட்டமே இல்லாமல், கைமரத்தின் தலையைச் சுவரில் ஒரு பொந்து குடைந்து செருகியிருப்பார்கள். அல்லது ஆணி மட்டும் அடித்திருப்பார்கள். அப்படி இருந்தால் தலை தளரும்போது கால் வெளியே தள்ளத் தொடங்கும். ஒரு பலகையை மட்டும் கழற்றி விளக்கு பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கூரையைப் பிரித்த பிறகு சுவர்கள் தனியே நிற்கும் நாட்கள்தாம் ஆபத்தானவை. கூரை பாரம் மட்டுமல்ல. சுவர்களின் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் கையும் அதுதான். அந்தப் பிடி போனதும், ஈரக் கலவையோடு புதிதாக எழுந்த வரிசைகளை ஒரு பலத்த காற்று தள்ளிவிடும். அதனால் 4 மீட்டர் நீளச் சுவருக்கு உள்ளிருந்தும் வெளியிருந்தும் சாய்முட்டுக் கொடுத்த பின்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

முடிந்தால் நான் வேறொரு முறையையே தேர்ந்தெடுப்பேன். பழைய கூரையைப் பிரிக்காமல், கைமரங்களின் வெளியே நீண்ட வால்களை மட்டும் சுவர் முகத்தோடு அறுத்து, சுவரின் மேலிருக்கும் தகட்டு ஓரத்தையும் நீக்கி, கைமரங்களுக்கு இடையிடையே செங்கல் வைத்து நிரப்பிக்கொண்டே சுவரை மேலே ஏற்றுவோம். புதிய நீள்சட்டமும் கைமரங்களும் மேல்தகடும் பொருத்தி, நீர் இறங்காது என்று உறுதியான பிறகு, பழைய கூரையை உள்ளிருந்தே துண்டு துண்டாக எடுத்து, சுவரில் விட்ட பொந்துகளை அடைப்போம். 35 செ.மீ. உயர்வு என்பது இதற்குச் சற்று நெருக்கமான இடம்; கை நுழைந்து வேலை செய்ய வேண்டும். ஆனாலும் ஒருநாள்கூட அறை வானத்துக்குத் திறந்து கிடக்காது, சுவர்களின் தலையும் பிடியை இழக்காது என்பதால் அந்தச் சிரமம் தகும்.

செங்கல் வேலையில் மூன்று கவனங்கள் வேண்டும். பழைய சுவரின் மேல்வரிசை இரண்டு பெரும்பாலும் கலவை உதிர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். அவற்றை எடுத்துவிட்டு உறுதியான வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். கலவையைப் பழைய செங்கல்லைவிட வலிமையாக்கக் கூடாது. ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல் போதும், சுண்ணாம்பு ஒரு பங்கு சேர்த்தால் இன்னும் நல்லது. புதிய சுவரை வீட்டுச் சுவரோடு பல் வைத்துக் கோத்துவிட வேண்டாம். இரண்டுக்கும் அஸ்திவாரம் வேறு. இரண்டும் ஒரே அளவாக இறங்கா. துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளைச் சுவரில் போல்ட் போட்டு, அதில் நழுவும் பிணைப்புகளை மாட்டி, நடுவே ஒரு செங்குத்து இடைவெளி விட்டு, நெகிழும் பூச்சால் அடைத்துவிடுங்கள்.

ஃபிளாஷிங் ஈயத்தகடாக இருந்தால் ஒரே நீளமாகப் போடாமல் ஒன்றரை மீட்டருக்கு மிகாத துண்டுகளாக வெட்டி, ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி போட வேண்டும். வெயிலில் நீண்டு, குளிரில் சுருங்கும் தகட்டுக்கு அசைய இடமில்லாவிட்டால் அது நடுவில் கிழியும். காடியை 25 மி.மீ. ஆழத்துக்கு வெட்ட வேண்டும். வெறும் பூச்சின் மேல் ஒட்டி, ஓரத்தில் சிமென்ட் பூசிவிட்டுப் போகும் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஜன்னலிலிருந்து கணக்குப் போட வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சொன்னபடி குழி தோண்டிப் பார்த்தேன். கான்கிரீட் அஸ்திவாரம் இருக்கிறது. அதன் அடிமட்டம் மண்ணிலிருந்து 60 செ.மீ. ஆழத்தில் முடிகிறது, அகலம் 45 செ.மீ. இருக்கும். மண் இறுக்கமாக, கொஞ்சம் பொடிக்கல் கலந்திருக்கிறது. அருகில் மரம் எதுவும் இல்லை. சுவர்களில் விரிசல் இல்லை. ஆனால் அறைச் சுவர் வீட்டுச் சுவரைத் தொடும் மூலையில், மேலிருந்து கீழ்வரை மயிரிழை போல ஒரு செங்குத்து விரிசல் இருக்கிறது. உட்கூரைப் பலகை ஒன்றைக் கழற்றினேன். நீள்சட்டம் உண்டு, போல்ட்டுகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. பலகைகள் கைமரங்களில் தொங்கவிடப்பட்டவையே தவிர எதையும் பிணைத்து நிற்கவில்லை.

ஒரு புதிய கவலை. கூரைத் தகடு உலோகம் அல்ல. சாம்பல் நிறத்தில், சிமென்ட் போல இருக்கிறது. உடைந்த விளிம்பில் மெல்லிய நார்கள் தெரிகின்றன. மேலும், வீடெங்கும் வெப்பத்தடுப்பைப் போட்டுவிட்டு என் தாயாரின் அறையில் மட்டும் கனத்தைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. மடிப்பு மூட்டுத் தகடு போடப் பழகியவர்களும் எனக்கு எளிதில் கிடைக்கவில்லை. நெளிதகட்டோடும் 10 பாகையோடும் முழுக் கனத்தோடும், 2.4 மீட்டரை அடைய வழியே இல்லையா?

பதில் 3 (இதே வேலையைத் தம் வீட்டில் செய்தவர்)

வழி இருக்கிறது. அதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன் என்பதால் உங்களுக்கு விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலும் மாடி ஜன்னலுக்குக் கீழே இதே போன்ற அறை. வேலையை ஏற்றவர் முதலில் சுவரை உயர்த்திவிட்டு, பிறகு கைமரம், பிறகு பலகை, பிறகு தகடு என்று ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொண்டே போனார். வரைபடத்தில் கூரை ஒரு கோடாகத்தான் இருந்தது. அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கனம் என்று அவரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்தபோது ஜன்னலின் அடியில் ஃபிளாஷிங்குக்கு எஞ்சியது 6 செ.மீ. மட்டுமே. முதல் மழைக்காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில், காற்றோடு சாய்ந்தடித்த மழை தகட்டின் மேல் மோதித் தெறித்து, அந்த 6 செ.மீ.யைத் தாண்டி ஏறிச் சுவருக்குள் இறங்கியது. உட்கூரையின் மூலையில் பழுப்பு நிற வளையம் ஒன்று படர்ந்தது. மேலே பூச்சு மேல் பூச்சாகப் பூசியும் அது நிற்கவில்லை.

கடைசியில் நாங்கள் மாற்றியது கூரையை அல்ல, ஜன்னலை. மாடியறைக்குள்ளிருந்து பார்த்தால் ஜன்னலின் அடிமட்டம் மாடித் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்திலேயே இருந்தது. அவ்வளவு தாழ்வான ஜன்னல் குழந்தைகள் புழங்கும் அறைக்குப் பாதுகாப்பானதும் அல்ல. ஜன்னலைக் கழற்றி, அடியில் மூன்று வரிசை செங்கல் வைத்து, உயரம் குறைந்த புதிய ஜன்னலைப் பொருத்தினோம். அகலத்தைத் தொடாததால், ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் விட்டத்தை அசைக்க வேண்டிய தேவையே எழவில்லை. அதன் பிறகு 25 செ.மீ.க்கும் மேல் இடம் கிடைத்து, ஃபிளாஷிங்கை முறையாகச் செய்ய முடிந்தது. கசிவு அன்றோடு நின்றது. இதைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் கூரையின் மேல்விளிம்பை இரண்டு முறை பிரித்திருக்க வேண்டியதில்லை. உங்கள் மாடித் தரையிலிருந்து ஜன்னல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். கூரையை உயர்த்தும்போது மழைநீர்த் தாரையும் மேலே போகிறது. எங்கள் பக்கச் சுவர் எல்லைக்கோட்டிலேயே நின்றதால், புதிய தாரை பக்கத்து நிலத்தின் மேல் கை நீட்டியது போல ஆகிவிட்டது. அதை உள்ளிழுத்து மாற்ற நேர்ந்தது. எல்லையை ஒட்டிய சுவரின் உயரத்துக்குப் பெரும்பாலான இடங்களில் வரம்பு வைத்திருக்கிறார்கள் என்பதால், அனுமதியை எழுத்தில் வாங்கி, பக்கத்து வீட்டாரிடமும் வரைபடத்தைக் காட்டிவிட்டு, அதன் பின் செங்கல்லை இறக்குங்கள். குளியலறைக் காற்றுக் குழாய், கழிவுநீர்க் குழாயின் மூச்சுக்குழாய் போன்றவை அந்தப் பின்சுவரில் எங்கே திறக்கின்றன என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் அவற்றில் ஒன்று புதிய கூரைக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

பதில் 1-ஐ எழுதியவர் மீண்டும்

ஜன்னலை உயர்த்தும் யோசனை மிகச் சரியானது. அதை நான் முன்பே கேட்டிருக்க வேண்டும். உங்கள் எண்களில் பார்த்தால், குறைவது 13 செ.மீ. மட்டுமே. ஜன்னலின் அடியில் இரண்டு வரிசை செங்கல், அதாவது 15 செ.மீ. வைத்தாலே, நெளிதகடு, 10 பாகை, முழு வெப்பத்தடுப்பு எல்லாவற்றோடும் தாழ்ந்த பக்கத்தில் 2.42 மீட்டரும் வீட்டுச் சுவரோரம் 2.95 மீட்டரும் கிடைக்கும். கூரை மொத்தமாக 50 செ.மீ. உயரும், தச்சர் சொன்ன, பழைய கூரையின் மேலேயே புதியதை எழுப்பும் முறைக்கும் அப்போது தாராளமாக இடம் கிடைக்கும். சுவரின் கூடுதல் எடை ஓடுமீட்டருக்கு 220 கிலோ ஆகும். நீங்கள் சொன்ன அஸ்திவாரத்துக்கு அது மண்ணின் மீது சதுர மீட்டருக்கு அரை டன் கூடுதல், அவ்வளவுதான். மாடித் தரையிலிருந்து ஜன்னலின் புதிய அடிமட்டம் 1.1 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெருப்பு போன்ற அவசரத்தில் அதன் வழியே வெளியேற வேண்டி வரலாம்.

மூலையிலுள்ள செங்குத்து விரிசல், தச்சர் குறிப்பிட்டதற்கே சான்று. மேலும் கீழும் ஒரே அகலமான மயிரிழையாக இருந்தால், இரு கட்டடங்களும் தத்தம் போக்கில் சிறிது அசைந்திருக்கின்றன என்பதே பொருள். மேலே அகன்று கீழே குறுகியிருந்தால் மட்டும் அறையின் வெளிமுனை இறங்குகிறது என்று ஐயப்பட வேண்டும். விரிசலின் குறுக்கே பென்சிலால் இரண்டு புள்ளிகள் குறித்து, நாள் எழுதி, வேலை தொடங்கும் வரை மாதந்தோறும் அளந்து வாருங்கள்.

நார் தெரியும் சாம்பல் நிறத் தகடு ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்டாக இருக்கக்கூடும். சோதனையில் இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பெஸ்டாஸ் என்றே கொள்ளுங்கள். அதை அறுக்கவோ துளையிடவோ உடைக்கவோ கூடாது. காற்றில் கலக்கும் நுண்ணிய நார்கள் நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கும். கைமரங்களின் மேலேயே அதை விட்டுவைத்து வேலை செய்யும் முறை இங்கே பொருந்தாது. தச்சர் மன்னிக்க வேண்டும்: ஓரத்தை நீக்கும்போதே தகடு உடையும். தகுந்த பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு, தண்ணீர் தெளித்து நனைத்து, முழுத் தகடுகளாக இறக்கி, கனமான உறைகளில் கட்டி, அதற்கென ஒதுக்கிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும். அதன் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது; பழைய சிமென்ட் தகடு ஆள் பாரம் தாங்காது. தகடுகள் இறங்கிய பிறகு கைமரங்களை மட்டும் அப்படியே நிற்கவிட்டு, அவற்றின் மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டு, இடையிடையே செங்கல் நிரப்பும் முறையைத் தொடரலாம். சுவர்களின் தலைக்குப் பிடி அப்போதும் இருக்கும்.

கடைசியாகக் காற்று. விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வீசும் புயற்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமம். உங்கள் புதிய உலோகத் தகட்டின் எடையோ சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவே. மரமும் பலகையும் சேர்ந்தாலும் காற்றின் உறிஞ்சலை எதிர்க்க அது போதாது. கூரையைக் கீழே பிடித்து நிறுத்த வேண்டியது சுவரின் எடைதான். புதிதாக வைக்கும் ஆறேழு வரிசைக்கு அவ்வளவு எடை கிடையாது. எனவே சுவர்த்தலைச் சட்டத்திலிருந்து துத்தநாகம் பூசிய எஃகுப் பட்டைகள் சுவரின் உட்பக்கமாக ஒரு மீட்டர் கீழே இறங்கி, புதிய வரிசைகளைத் தாண்டிப் பழைய சுவரில் பல இடங்களில் திருகப்பட வேண்டும். இரண்டு பட்டைகளுக்கு இடையே 2 மீட்டருக்கு மேல் போக வேண்டாம், காற்று மிகுந்த இடமென்றால் ஒன்றேகால் மீட்டருக்கு ஒன்று வையுங்கள். பூச்சு வேலைக்கு முன்பே இவற்றைப் பொருத்த வேண்டும் என்பதால், கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வரைபடம் போடும்போது ஜன்னல் முதல் வெளிச்சுவர் வரை ஒரு நெடுக்குவெட்டை 1:10 அளவில் வரைந்து, கூரையின் ஒவ்வோர் அடுக்கையும் அதன் உண்மையான கனத்தில் காட்டி இங்கே பதிவிடுங்கள். கைமரத்தின் அளவையும் நீள்சட்டத்துக்கு வேண்டிய போல்ட்டுகளையும் அதைப் பார்த்துக் கணக்கிட்டுத் தருகிறேன்.

கேட்டவரின் மறுமொழி

மாடித் தரையிலிருந்து ஜன்னல் அடிமட்டம் சரியாக 60 செ.மீ. இரண்டு வரிசை வைத்தால் 75 செ.மீ. ஆகும், தடையில்லை. தகட்டின் உதிர்ந்த துண்டு ஒன்றை நனைத்து, இரட்டை உறையில் அடைத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டேன். மூலை விரிசலில் புள்ளிகளும் குறித்தாகிவிட்டது. மேலும் கீழும் ஒரே அகலம்தான். அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன் நெடுக்குவெட்டை வரைந்து இங்கே பதிவிடுகிறேன்.